மீன்வால் சிங்கம்: இல்லாத பேரரசுக்கு ஒரு குலச்சின்னம் செய்தது

ஒரு மேடை நாடகத்தில் வரும் கற்பனைப் பேரரசின் அரச குலத்துக்குச் சின்னம் வேண்டும் என்றார்கள். கேடயமாக, கொடியாக, ஆணை ஓலையில் பதிக்கும் முத்திரையாக என்று மூன்று வடிவங்களில் செய்து கொடுத்துவிட்டேன். கேடயம் நன்றாக வந்திருக்கிறது. கொடி பரவாயில்லை. முத்திரை தோற்றுப்போனது, ஆனால் அது தோற்ற காரணம் சுவையானது. செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நாடகாசிரியர் முதலில் தந்த வரைபடத்தில் இரட்டைத்தலைக் கழுகு, குறுக்கே இரண்டு வாள்கள், கோட்டை, ஏழு நட்சத்திரங்கள், அடியில் ஒரு நாடா, நாடாவில் குறிக்கோள் வாசகம் எல்லாம் இருந்தன. கழுகை நான் உடனே மறுத்தேன். கறுப்பு இரட்டைத்தலைக் கழுகு என்றால் புனித ரோமானியப் பேரரசு. பொன் இரட்டைத்தலைக் கழுகு என்றால் பைசாந்தியமும் ரஷ்யாவும். ரஷ்யாவின் மூன்றாம் இவானுடைய 1497-ஆம் ஆண்டு முத்திரையிலேயே அது இடம்பிடித்துவிட்டது. கழுகைத் தூக்கியதும் பார்ப்பவர் மனம் அந்த நாடுகளுக்குப் போய்விடும். நம் கற்பனை அரசுக்கு இடமே இருக்காது.

கதையில் அந்தக் குலம் மலைநாட்டிலிருந்து இறங்கி வந்து துறைமுக அரசுகளைப் பிடித்தது. வென்றவரின் சின்னத்தையும் தோற்றவரின் சின்னத்தையும் ஒன்றாகக் காட்டுவது வரலாற்றில் பலரும் செய்ததுதான். சோழர் செப்பேடுகளின் முத்திரையில் புலிக்குப் பக்கத்தில் பாண்டியரின் இணைக்கயலும் சேரரின் வில்லும் இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஐரோப்பியர் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். இரண்டு சின்னங்களையும் நெடுக்கில் பாதியாக வெட்டி, இதன் இடப்பாதியையும் அதன் வலப்பாதியையும் ஒட்டிவிடுவார்கள். இங்கிலாந்தின் கிரேட் யார்மத் நகரச் சின்னத்தில் அப்படித்தான் மூன்று சிங்கங்களுக்கு ஹெர்ரிங் மீனின் வால் முளைத்தது. சிங்க் போர்ட்ஸ் எனப்படும் துறைமுகக் கூட்டணியின் சின்னத்தில் சிங்கங்களின் பின்பாதி கப்பலாகவே ஆகிவிட்டது. பார்க்கச் சிரிப்பு வரும். ஆனால் ஒரு தடவை பார்த்தால் மறக்காது. எனவே ஒரே ஒரு சிங்கம், முன்பாதி பொன், பின்பாதி வெள்ளி மீன்வால் என்று முடிவானது. வாளும் கோட்டையும் நட்சத்திரங்களும் போயின. வாசகமும் போனது, அதற்காக மட்டும் நாடகாசிரியர் நெடுநேரம் வாதாடினார்.

அவரை ஒப்புக்கொள்ள வைத்தது ஒரு சின்னக் கணக்கு. அரங்கின் கடைசி வரிசை மேடையிலிருந்து 20 மீட்டர். நல்ல கண்பார்வை பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையின் அறுபதில் ஒன்று. 20 மீட்டரில் அது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். அதைவிட நெருங்கிய இரண்டு கோடுகள் கடைசி வரிசைக்கு ஒன்றாகக் குழம்பிவிடும். ஓர் எழுத்தைப் படிக்க வேண்டுமானால் அது அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 3 சென்டிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். அதுவும் நல்ல வெளிச்சத்தில். 60 சென்டிமீட்டர் கேடயத்தின் அடியில் அந்த அளவில் வாசகம் எழுதினால் சிங்கத்துக்கு நிற்க இடமில்லை. சோதிக்கவும் எளிய வழி உண்டு. சின்னத்தை 6 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, 2 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் போதும். அதே கோணம், அதே காட்சி. எந்த வரைபடமானாலும் இப்போது முதலில் இதைத்தான் செய்கிறேன்.

அடுத்தது நிறம். குலச்சின்னக் கலையில் பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை நிறங்கள். உலோகத்தின் மேல் உலோகம் கூடாது, நிறத்தின் மேல் நிறம் கூடாது என்பது அடிப்படை விதி. ஜெருசலேம் அரசின் சின்னத்தில் வெள்ளியின் மேல் பொன் சிலுவை இருக்கிறதே என்று நாடகாசிரியர் எங்கோ படித்துவிட்டு வந்து கேட்டார். இருக்கிறது, விதியை மீறியதற்காகவே அது புகழ்பெற்றது. விதி சம்பிரதாயத்துக்காக வந்தது அன்று. பொன்னும் வெள்ளியும் வெளிறியவை, மற்றவை அடர்ந்தவை. வெளிறியதன் மேல் அடர்ந்தது, அடர்ந்ததன் மேல் வெளிறியது இருந்தால்தான் தூரத்திலிருந்து உருவம் பிரிந்து தெரியும்.

முதல் வடிவத்தில் யார்மத் முறையையே பின்பற்றிப் பின்புலத்தையும் இரண்டாகப் பிரித்திருந்தேன்: சிங்கத்தின் பக்கம் மலைக்குலத்தின் சிவப்பு, மீனின் பக்கம் கடலின் நீலம். பக்கம் பக்கமாக இருப்பதால் விதிப்படி குற்றமில்லை. காகிதத்தில் அழகாகவும் இருந்தது. மேடை விளக்கில்தான் விஷயம் தெரிந்தது. இரவுக் காட்சிக்கு நீல வெளிச்சம் போட்டார்கள். சிவப்புப் பூச்சு நீல ஒளியைத் திருப்பித் தராது, கறுத்துவிடும். மஞ்சளும் நீல ஒளியை விழுங்கி மங்கிவிடும். கறுத்த பாதியில் மங்கிய சிங்கம், உருவமே காணவில்லை. மறுபாதியில் நீலம் பளிச்சென்று நின்றது, வெள்ளை வால் அதைவிடப் பளிச்சென்று நின்றது. பேரரசின் சின்னம் ஒரு மீன் வால் மட்டுமே என்பதுபோல் ஆயிற்று.

ஆகவே பின்புலம் முழுவதையும் நீலமாக்கினேன். மஞ்சள் கலந்த பகல் வெளிச்சத்தில் நீலம் அடர்ந்து, பொன் சிங்கம் எழுந்து நிற்கிறது. நீல வெளிச்சத்தில் நிலைமை தலைகீழாகிறது: பின்புலம் வெளிச்சமாக, சிங்கம் அதன் மேல் நிழலுருவாக. எப்படியானாலும் உருவம் தெரிகிறது. மலைக்குலத்தின் சிவப்பை நாக்குக்கும் நகங்களுக்கும் கொடுத்தேன். அதுவும் பழைய வழக்கம்தான். சிங்கத்தின் நாக்கும் நகமும் வேறு நிறத்தில் வருவது சின்னங்களில் சகஜம்.

இனிக் கேடயம். கூர்முனைக் கேடயத்தை வரையக் காம்பஸ் ஒன்றே போதும். மேல் அகலம் 60 சென்டிமீட்டர். இரு ஓரங்களிலும் 20 சென்டிமீட்டர் நேராக இறங்க வேண்டும். இடப்பக்கம் நேர்கோடு முடியும் புள்ளியில் ஆணியை வைத்து, 60 சென்டிமீட்டர் நூலால் வலப்பக்க வளைவு. வலப்பக்கப் புள்ளியிலிருந்து இடப்பக்க வளைவு. இரண்டும் 52 சென்டிமீட்டர் கீழே சந்திக்கும். மொத்த உயரம் 72. இந்த விகிதத்தை எந்த அளவுக்கும் பெருக்கிக்கொள்ளலாம்.

தட்டையான கேடயம் மேடையில் அறிவிப்புப் பலகையாகத் தெரியும் என்பதால் வளைக்க வேண்டியிருந்தது. 6 மில்லிமீட்டர் பிளைவுட் வளையாது. 3 மில்லிமீட்டர் பலகைகள் இரண்டை எடுத்து, இரண்டிலும் மேலடுக்கின் மரநார் கேடயத்தின் நெடுக்கில் ஓடும்படி வைத்து, நடுவில் மரப்பசை தடவி, வளைந்த அச்சின் மேல் கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுவதும் விட்டேன். நார் குறுக்கில் ஓடினால் வளைக்கும்போதே முரண்டு பிடிக்கும். அச்சு என்பது விளிம்பு வளைவாக அறுத்த மூன்று கட்டைகளும் அவற்றின் மேல் அறைந்த பட்டிகளும்தான். அச்சின் வளைவு ஆழம் 5 சென்டிமீட்டர். கிளாம்பைக் கழற்றியதும் பலகை சற்று விரிந்துகொண்டு 4 சென்டிமீட்டரில் நின்றது. ஒரே தடிமனில் ஒற்றைப் பலகையாக இருந்திருந்தால் முழுவதுமே விரிந்து போயிருக்கும். இரண்டு அடுக்குகளும் வளைந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டதால்தான் வளைவு நின்றது. ஒட்டிக் காய்ந்த பிறகே கேடய வடிவத்துக்கு அறுக்க வேண்டும். முதலில் அறுத்துவிட்டு ஒட்டினால் இரண்டு விளிம்புகளும் ஒன்றின் மேல் ஒன்று உட்காராது, நழுவும்.

சிங்கத்தை வரைவதில்தான் அதிக நேரம் போனது. உயிருள்ள சிங்கத்தின் படத்தைப் பார்த்து வரைந்தால் கேடயத்துக்கு ஒவ்வாது. உடல் நடுவில் ஒரு கட்டியாகத் திரண்டு, சுற்றிலும் வெற்றிடம் கிடக்கும். குலச்சின்னச் சிங்கங்கள் ஏன் இடுப்பு ஒடுங்கி, கால்களை நான்கு திசையிலும் வீசிக்கொண்டு பட்டினி கிடந்ததுபோல் நிற்கின்றன என்பது அப்போதுதான் புரிந்தது. உறுப்புகளுக்கு நடுவே பின்புல நிறம் புகுந்து தெரிய வேண்டும். அந்த இடைவெளிகள்தான் தூரத்திலிருந்து கால் எது, பிடரி எது என்று சொல்கின்றன. இடுப்பை 9 சென்டிமீட்டராகக் குறைத்தேன், முன்கால்களுக்கு நடுவே 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டேன், நகங்களை இயல்புக்கு இரண்டு மடங்கு நீட்டினேன். மீன்வாலை முதலில் உடம்பின் தொடர்ச்சியாகக் கீழே இறக்கியிருந்தேன். கேடயத்தின் கூர்முனைக்குள் அது நசுங்கியது. ஒரு சுருள் போட்டு மேல்நோக்கித் திருப்பியதும் வலப்பக்க வெற்றிடமும் நிரம்பியது. வால்துடுப்பின் அகலம் 14 சென்டிமீட்டர். அதற்குக் கீழே போனால் அது மீன் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சிங்கம் பார்ப்பவருக்கு இடப்பக்கம் நோக்க வேண்டும். கேடயத்தின் வலம், இடம் என்பவை அதைப் பிடித்திருப்பவருடைய வலமும் இடமும்தான். இடக்கையில் கேடயம் ஏந்தி முன்னே போகும் வீரனின் வலப்பக்கம் நோக்கிச் சிங்கம் பார்த்தால் அது எதிரியை நோக்கிப் போகிறது. மறுபக்கம் பார்த்தால் திரும்பி ஓடுகிறது. சிங்கத்தை ஃபோமில், அதாவது தடித்த நுரைத்தாளில், வெட்டுகிறேன்; படிவத்தை அதன் பின்பக்கத்தில் வரைந்து வெட்டும் பழக்கம் இருந்தால் இதை மறக்கக் கூடாது. முன்பக்கம் எது என்று படிவத்திலேயே பெரிதாக எழுதிவைப்பது நல்லது.

உடலுக்கு 10 மில்லிமீட்டர் ஈ.வி.ஏ. ஃபோம், அதன் மேல் பிடரி, தோள், முன்கால் ஆகியவற்றுக்கு மட்டும் 5 மில்லிமீட்டர் அடுக்கு. கத்தியின் கூர்மைதான் இங்கே எல்லாம். அரை மீட்டர் வெட்டியதும் நுனியை உடைத்துவிட வேண்டும். மழுங்கிய கத்தி ஃபோமைக் கிழிக்கும். விளிம்புகளை 45 பாகையில் சாய்வாகச் சீவினேன். சாய்வில் ஒளி பட்டு ஒரு பக்கம் மினுங்கும், மறுபக்கம் நிழலாகும். வரைந்த கோட்டைவிட இது நன்றாகத் தெரிகிறது. வெட்டிய பிறகு சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் மேலோட்டமாகச் சூடு காட்டினால் நுண்துளைகள் மூடிக்கொண்டு மேற்பரப்பு லேசாக மின்னும். அந்த மினுக்கம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

வெட்டிய சிங்கத்தை மேசையில் தட்டையாக அடுக்கி ஒட்டிவிட்டு, பிறகு வளைந்த பலகையில் பதித்தேன். வால்துடுப்பும் முன்காலும் மெதுவாக எழும்பிவிட்டன. அவற்றைப் பிய்த்துவிட்டு, ஃபோமைச் சூடாக்கி, கேடயத்தின் மேலேயே அழுத்தி ஆறவிட்டால் அந்த வளைவை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதன்பின் ஒட்டினால் எழும்பவில்லை. கான்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்த வேண்டும்; தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்த வழியில்லை. நடுவில் மெழுகுத்தாள் பட்டைகளைப் பரப்பி, சிங்கத்தைச் சரியான இடத்தில் வைத்து, பட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே அழுத்தினேன்.

பூச்சுக்கு முன் நீர்த்த மரப்பசை நான்கு தடவை. அதன் மேல் சாம்பல் ப்ரைமர். நீலம் பளபளப்பில்லாத அக்ரிலிக். பளபளக்கும் பூச்சு விளக்கொளியைத் திருப்பி அடித்துச் சின்னத்தையே மறைத்துவிடும்.

பொன்தான் செலவை விழுங்கியது. பித்தளை ரேக்கு வாங்கினேன். செம்பும் துத்தநாகமும் கலந்த போலிப் பொன். ஒரு தாள் 14 சென்டிமீட்டர் சதுரம். தாளும் அதற்கான பசையும் அரக்கு வார்னிஷும் சேர்ந்து கேடயத்தின் மொத்தப் பொருட்செலவில் பாதியைத் தாண்டின. பலகை, ஃபோம், பூச்சு எல்லாம் மீதிப் பாதிக்குள். முகமும் பிடரியும் முழுவதும் ரேக்கு ஒட்டி, மென்தூரிகையால் தேய்த்து முடித்தபோது கைக்கெட்டும் தூரத்தில் அது அரண்மனைச் சொத்து. 20 மீட்டரில் விளக்கு நேராகப் படும்போது வெள்ளை, படாதபோது அழுக்குப் பழுப்பு. நடிகர் நகர நகரச் சிங்கம் அணைந்து அணைந்து எரிந்தது. பக்கத்திலேயே மஞ்சள் காவி பூசிய வெறும் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்த்தேன். அதுதான் எங்கிருந்து பார்த்தாலும் பொன்னாகத் தெரிந்தது. சின்னங்களில் பொன்னுக்கு மஞ்சளையும் வெள்ளிக்கு வெள்ளையையும் பயன்படுத்துவது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட வழக்கம். அதைச் சிக்கனம் என்று நினைத்திருந்தேன். கண்ணுக்கும் அதுதான் நல்லது.

ஆகவே ரேக்கின் மேலேயே மஞ்சள் காவி பூசி, மேடான இடங்களில் பிரகாசமான மஞ்சள், பள்ளங்களில் செம்பழுப்பு என்று ஏற்றினேன். நிழலுக்குக் கறுப்பு சேர்க்கவில்லை. மஞ்சளில் கறுப்பு கலந்தால் பச்சை ஓடும். ரேக்கைச் சிங்கத்தின் தலை மகுடத்திலும் பிடரியின் சுருள் விளிம்புகளிலும் மட்டும் விட்டுவைத்தேன். இப்போது அசையும்போது அங்கங்கே மின்னுகிறது, உருவம் அழிவதில்லை. வெறும் விரல் பட்டால் இந்த ரேக்கு கறுக்கும். பருத்திக் கையுறையோடு ஒட்டி, உடனே அரக்கு வார்னிஷ் பூசிவிட வேண்டும்.

இளவரசனுக்கும் அதே சின்னம், ஆனால் அடையாள வேறுபாட்டோடு வேண்டும் என்றார் இயக்குநர். தந்தை உயிரோடு இருக்கும்வரை மூத்த மகன் கேடயத்தின் மேற்பகுதியில் மூன்று தொங்கல்கள் உள்ள ஒரு பட்டையைச் சேர்த்துக்கொள்வதும், பட்டம் வந்ததும் அதை எடுத்துவிடுவதும் இங்கிலாந்தில் இன்றும் இருக்கும் மரபு. இதைச் சொன்னதும் இயக்குநருக்கு ஒரு காட்சியே கிடைத்துவிட்டது: பேரரசன் இறந்த செய்தி வந்ததும் இளவரசன் மேடையிலேயே பட்டையைக் கழற்ற வேண்டும். 3 மில்லிமீட்டர் ஃபோமில் வெள்ளைப் பட்டை வெட்டி, 10 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள காந்த வில்லைகளை இரு முனைகளிலும் பதித்தேன். பலகையில் அவற்றுக்கு எதிராக அதே அளவு குழிகள். காந்தங்களை ஒட்டும் முன் எந்த முகம் எதை ஈர்க்கிறது என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். பட்டை கழலும்போது வரும் ‘டக்’ ஒலி கடைசி வரிசை வரை கேட்கிறது. யாரும் திட்டமிடாத ஒலி அது. இயக்குநர் அதற்காக இசையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

கொடியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 90 சென்டிமீட்டர் அகலம், 120 உயரம், ஒற்றைத் துணி. விலங்கு எப்போதும் கொடிக்கம்பத்தை நோக்க வேண்டும். ஒற்றைத் துணியின் இருபுறமும் உருவம் தெரிந்தால் அது தானாகவே அமைந்துவிடும். சிங்கத்தை இருபுறமும் கண்ணாடி உருவாக வெட்டி வைத்து, நெருக்கமான வளைதையலால் விளிம்பைப் பிடித்தேன். இரண்டு அடுக்குச் சிங்கமும் சேர்ந்து கனத்ததால் கொடி காற்றில் பறக்காமல் தொங்குகிறது. மேல்விளிம்புக்கு ஒரு குறுக்குக் கழி செருகியிருக்கிறோம்.

முத்திரை 45 மில்லிமீட்டர் வட்டம், லினோலியத்தில் செதுக்கியது. அரக்கில் நிறம் காட்ட முடியாது. அதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு: புள்ளிகள் பொன், வெறுமை வெள்ளி, கிடைக்கோடுகள் நீலம், நெடுக்கோடுகள் சிவப்பு. 1638-இல் பெத்ரா சாங்க்தா என்னும் யேசு சபைத் துறவியின் நூல் வழியாகப் பரவிய குறிமுறை இது. அதன்படி பின்புலத்தில் கிடைக்கோடுகளும் சிங்கத்தின் மேல் புள்ளிகளும் செதுக்கினேன். கோடுகள் வந்தன. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான புள்ளிக் குழிகளுக்குள் அரக்கு புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. அச்சை எடுக்கும்போது சிங்கத்தின் தோலும் உரிந்து வந்தது. எண்ணெய் தடவி, பனிக்கட்டியில் குளிர்வித்துப் பதித்தால் உரிவது நின்றது, புள்ளிகள் மட்டும் பிறக்கவே இல்லை. புள்ளியில்லாத சிங்கம் என்றால் குறிமுறைப்படி அது வெள்ளிச் சிங்கம். பேரரசனின் ஆணையில் வேறு யாருடைய சின்னமோ பதிகிறது! இந்தக் குறிமுறை காகிதத்தில் அச்சிடும் செப்புத்தகட்டு ஓவியங்களுக்காக வளர்ந்தது. இடைக்கால முத்திரைகளில் நிறக்குறி எதுவும் கிடையாது, உருவம் மட்டும்தான். புதிய அச்சில் கோடு, புள்ளி இரண்டையும் விட்டுவிட்டுச் சிங்கத்தை மட்டும் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செதுக்கப்போகிறேன்.

கேடயத்தில் மாற்ற வேண்டியது கைவார்கள். அவற்றின் போல்ட் தலைகள் ஃபோமுக்கு அடியில் புதைந்துவிட்டன. ஒத்திகையில் ஒரு வார் தளர்ந்தபோது நட்டைத் திருகினால் போல்ட்டும் சேர்ந்து சுற்றியது. சிங்கத்தின் தோளைக் கீறித் திறந்துதான் பிடிக்க முடிந்தது. ஃபோம் ஒட்டும் முன்பே முன்பக்கத்திலிருந்து பல் வைத்த நட்டுகளை அறைந்துவிட்டால், வாரைப் பின்பக்கத்திலிருந்து திருகைக் கழற்றி எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். முழுக் கேடயமும் இப்போது 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நீண்ட காட்சியில் நடிகரின் தோள் இறங்குகிறது, சிங்கமும் சேர்ந்து சாய்கிறது. முழங்கை வாரை 4 சென்டிமீட்டர் மேலே ஏற்றினால் எடை முன்கையில் உட்காரும் என்று நினைக்கிறேன். இரண்டாவது கேடயத்தில் அதற்கான துளைகளை மூன்று உயரங்களில் போட்டு வைத்திருக்கிறேன்.